அப்பப்பாவின் கல்வெட்டில் 'நேவி' என்று போடலாமா?

நீங்கள் கேட்டது இரண்டே வரி, பிள்ளை. "93 வயதில் மோசம்போன எங்கள் அப்பப்பா றோயல் சிலோன் நேவியில் இருந்தவர், 31ஆம் நாள் கல்வெட்டில் அதை எப்படி எழுதுவது, எங்களுக்கு ஒன்றுமே தெரியாது" என்று. கல்வெட்டு என்றால் எங்கள் பக்கத்தில் 31ஆம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம். ஆனால் அதற்குக் கீழே நீங்கள் விளக்கமாக எழுதியதை வாசித்தபோது உண்மையான கேள்வி வேறு என்று பட்டது. ஊரில் இருக்கிற பெரியப்பா நேவி என்ற சொல்லே வேண்டாம் என்கிறார். உங்களோடு ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா "கடற்படை அதிகாரி" என்று முன் அட்டையிலேயே போடவேண்டும் என்கிறார். நடுவில் நீங்கள். ஆகவே எழுதலாமா, எழுதினால் எவ்வளவு எழுதுவது என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார். முப்பது வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு எழுதிக் கொடுக்கிறேன், இறந்த திதியைச் சொல்லுகிற திதி வெண்பாவிலிருந்து நன்றி நவிலல் வரை. கடற்படை பற்றிப் படித்தவன் இல்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிற லோஞ்சைத் தவிர வேறு எதிலும் கடலில் போனதில்லை. நேவி பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி, நான் விட்ட ஒரு பிழையால் தெரிய வந்தது.

பல வருடத்துக்கு முன்னர், உங்கள் அப்பப்பா மாதிரியே நேவியில் இருந்த ஒருவருக்குக் கல்வெட்டு எழுதினேன். வீட்டுக்காரர் "அப்பா நேவியில் ஒபிசராக இருந்தவர்" என்றார்கள். நானும் "கடற்படை அதிகாரியாய்க் கப்பல்களை வழிநடத்தி" என்று வசனத்தைக் கொட்டி எழுதிவிட்டேன். அந்தியேட்டி என்கிற 31ஆம் நாள் கிரியை அன்று சாப்பாட்டுப் பந்தியில் ஒரு வயதான ஐயா அந்தப் புத்தகத்தை விரித்து வாசித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார், செத்தவரோடு ஒரே கப்பலில் இருந்தவராம். "மாஸ்ரர், அவன் பெற்றி ஒபிசர். நீங்கள் பெற்றியை விட்டிட்டியள். ஒபிசர்மாருக்குச் சலூட் அடிச்சே அவனுக்குக் கை நொந்தது" என்றார். பெற்றி ஒபிசர் என்பது மாலுமிகளுக்குள் இருக்கிற ஒரு பதவி, ராணுவத்தில் சார்ஜன்ட் மாதிரி. பதினைந்து வருடம் உழைத்து அந்த இடத்துக்கு வந்த ஒரு மனுசனை, நான் புகழுகிறேன் என்று நினைத்து அவர் இல்லாத ஒருவராக ஆக்கி அச்சடித்து 500 பிரதி பகிர்ந்தாகிவிட்டது. அந்த ஐயாவோடு பிறகு பழக்கமாகி, அவர் வீட்டு விறாந்தையில் இருந்து பல பின்னேரம் கதை கேட்டேன். ஒரு மாலுமியின் படத்தைக் கையைப் பார்த்து எப்படி வாசிப்பது என்று சொல்லித் தந்தது அவர்தான்.

அதனால்தான் நீங்கள் போட்ட அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் பெரிதாக்கிப் பார்த்தேன். நேவியில் சேர்ந்த அன்று எடுத்த படம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது சரியாக இருக்க முடியாது. இடது கையில் ஒரு நங்கூரமும் அதற்குக் கீழே இரண்டு வளைந்த பட்டியும் இருக்கின்றன. பிரித்தானியக் கடற்படை வழக்கத்தில் ஒற்றை நங்கூரம் என்றால் லீடிங், அதாவது சாதாரண மாலுமிக்கு ஒரு படி மேலே, பெற்றி ஒபிசருக்கு ஒரு படி கீழே. சிலோன் நேவி வளர்ந்ததும் அந்த வழக்கத்தில்தான். பட்டிகள் நன்னடத்தைக்குக் கொடுப்பவை, அந்தக் காலத்துக் கணக்கில் எட்டு வருடத்துக்கு இரண்டு, அதற்கு மேல் சில வருடம் கூடினால் மூன்று. அப்பப்பா 1951இல் சேர்ந்தவர் என்றால் இரண்டு பட்டியோடு நிற்கிற படம் 1959க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. தொப்பிப் பட்டியில் கடைசி நாலு ஆங்கில எழுத்தும் தெரிகிறது, அது 'பாகு' என்றுதான் முடிகிறது. கஜபாகு. அந்தக் கப்பல் இலங்கைக்கு வந்ததும் 1959இல்தான். இரண்டும் பொருந்துகிறது, ஆகவே கப்பலையும் பதவியையும் துணிந்து எழுதலாம். மேல் எல்லைதான் நிச்சயமில்லை. மூன்றாவது பட்டி இல்லாதபடியால் 1960களின் நடுப்பகுதிக்கு முன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் ஏதாவது குழப்படி செய்து ஒரு பட்டியைப் பறித்திருந்தாலும் படம் இப்படித்தான் இருக்கும். "1960களின் தொடக்கம்" என்று போட்டால் போதும்.

வலது கையில் இருக்கிற சின்னத்தை நீங்கள் பூ என்று எழுதியிருந்தீர்கள். பூ இல்லை, பிள்ளை, அது கப்பலின் புரொப்பெல்லர். எஞ்சின் அறை ஆட்களின் அடையாளம். ஸ்ரோக்கர் என்பார்கள். கஜபாகு ஒரு நீராவிக் கப்பல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கட்டி, பிறகு இஸ்ரேல் கடற்படையில் இருந்து, அங்கிருந்து எங்களிடம் வந்தது. அதைக் கட்டியது எங்கே தெரியுமா, நீங்கள் இப்போது இருக்கிற கனடாவில். இது கல்வெட்டுக்குத் தேவையில்லாத விசயம்தான், சித்தப்பாவுக்குச் சொல்லுங்கள், சந்தோசப்படுவார்.

இந்தப் புரொப்பெல்லரைக் கண்டபிறகுதான் உங்கள் கடிதத்தில் இருந்த வேறொரு விசயம் எனக்கு விளங்கியது. தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் அப்பப்பா ஊரார் எல்லாருடைய மோட்டார் சைக்கிளையும் தண்ணீர் இறைக்கிற மெசினையும் மண்ணெண்ணெயில் ஓடப் பண்ணினார், இரண்டு சொட்டுப் பெற்றோலை விட்டு உதைத்து ஸ்ராட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார், அதற்குக் காசு வாங்கமாட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அதை நீங்கள் 'குடும்பக் கதை' என்று ஒரு பக்கத்திலும், நேவியைத் 'தெரியாத கதை' என்று இன்னொரு பக்கத்திலும் வைத்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே மனுசன், ஒரே தொழில். நேவியால் வந்த வாழ்க்கை உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது, மண்ணெண்ணெய் மணத்தோடு. கல்வெட்டில் இந்த இரண்டையும் அடுத்தடுத்த வசனமாக வையுங்கள், உங்கள் ஊரான மயிலிட்டியில் அவரிடம் எஞ்சின் திருத்திய வள்ளக்காரர் யாராவது உயிரோடு இருந்தால் அவர்களையும் கேளுங்கள். பந்தி தானாக நிரம்பும்.

அடுத்தது அந்தக் குண்டுக் கதை. ஜப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது அப்பப்பா அங்கே கப்பலில் நின்றார் என்று வீட்டில் எல்லாரும் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். திருகோணமலையில் குண்டு விழுந்தது 1942 ஏப்ரல் 9. நான்கு நாளுக்கு முன்னர், ஈஸ்டர் ஞாயிறு அன்று, கொழும்பில். அப்பப்பா பிறந்தது 1932 ஓகஸ்ட் என்றால் அப்போது அவருக்குப் பத்து வயது நிரம்பவில்லை. றோயல் சிலோன் நேவி என்று ஒன்று உருவானதே 1950 டிசம்பர் 9இல். யுத்த காலத்தில் இருந்தது தொண்டர் படையாகத் தொடங்கிய வேறொரு அமைப்பு. ஆகவே இந்தக் கதையை இப்படியே எழுதக்கூடாது, இது உறுதி. அதற்காக அப்பப்பா பொய் சொன்னார் என்றும் நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவருடைய தகப்பன் அங்கே நின்றாரா என்று மூத்த அத்தையிடம் கேட்டுப் பாருங்கள். அல்லது 1951இல் சேர்ந்த பெடியனுக்கு யுத்தத்தில் நின்ற மூத்த ஆட்கள் சொன்ன கதையாக இருக்கலாம், அறுபது வருடம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் சொன்னவர்களும் கேட்டவர்களும் கதைக்குள்ளே போய்விடுவார்கள். யாரும் உறுதிப்படுத்தாவிட்டால் "திருகோணமலைக் குண்டுவீச்சின் கதையை எங்களுக்குச் சொல்லித் தந்தவர்" என்று எழுதுங்கள். அது பொய்யில்லை, கதையும் தங்கும்.

சரி, பெரியப்பாவிடம் வருவோம். அவருடைய பயத்தை நீங்கள் பழைய ஆட்களின் வீண் பயம் என்று எழுதியிருந்தீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. எங்கள் பக்கத்தில் நேவி என்ற சொல்லுக்கு 1983க்குப் பிறகு வேறு ஒரு கனம் வந்துவிட்டது. 1985 மே மாதம் குமுதினிப் படகில் வந்த சனத்தை நேவிக்காரர் வெட்டிக் கொன்றதை நெடுந்தீவில் இன்றைக்கும் வருடா வருடம் நினைவுகூருகிறார்கள். கடலில் வலை விரித்துவிட்டுத் திரும்பி வராத ஆட்கள் எத்தனை வீட்டில். உங்கள் மயிலிட்டியே 1990இல் சனம் முழுக்க எழும்பி, துறைமுகம் ராணுவத்திடமிருந்து 2017 யூலையில்தான் விடுபட்டது. இருபத்தேழு வருடம். இடையில் பழைய படம், உடுப்பு, சான்றிதழ் எல்லாவற்றையும் கிணற்றடியில் போட்டு எரித்த வீடுகளை எனக்குத் தெரியும். யாருக்குப் பயந்து எரித்தீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள், ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் பயந்துதான். உங்கள் பெரியப்பா அந்தக் காலம் முழுக்க இங்கேயே நின்றவர். அந்தச் சொல்லை அவர் கேட்கிற காதும் நீங்கள் கேட்கிற காதும் ஒன்றில்லை.

ஆனாலும் எழுதுங்கள் என்றுதான் சொல்வேன், பெரியப்பாவோடு கதைத்து அவர் சம்மதத்தோடு. வருடத்தைப் போட்டு எழுதுங்கள். 1951 தொடக்கம் 1973 வரை. இந்த இரண்டு இலக்கத்தையும் கண்டவுடனேயே எங்கள் சனத்துக்கு விளங்கிவிடும், அது யுத்தத்துக்கு முந்திய காலம் என்று. வருடம் இல்லாமல் "கடற்படையில் பணியாற்றினார்" என்று மொட்டையாக எழுதினால்தான் வாசிக்கிறவன் தனக்குத் தோன்றிய வருடத்தைப் போட்டுக்கொள்வான். அவருடைய காலத்தில் அதற்குப் பெயரும் வேறு. 1972 மே 22 குடியரசு ஆகும் வரை அது றோயல் சிலோன் நேவி, கடைசி ஒரு வருடம் மட்டும் அவர் சிறிலங்கா நேவியில் இருந்திருக்கிறார். 1960 தொடக்கம் 1970 வரை அந்த நேவிக்கே தளபதியாக இருந்தவர் ராஜன் கதிர்காமர், ஒரு தமிழர். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். கப்பல்களுக்கு விஜய, கஜபாகு, பராக்கிரம என்று சிங்கள அரசர்களின் பெயர் வைத்த அதே ஆட்கள் காரைநகர்த் தளத்துக்குத் தமிழ் அரசன் எல்லாளனின் பெயரை வைத்தார்கள், எலார என்று. எந்த யோசனையில் வைத்தார்களோ.

அதே நேரம், அவர் ஏன் 1973இல் விலகினார் என்பதற்கு நீங்கள் எழுதிய காரணத்தை எடுத்துவிடுங்கள். "தமிழர் என்பதால் ஓரங்கட்டப்பட்டு" என்று வரைபில் எழுதியிருக்கிறீர்கள். பொதுவாகப் பார்த்தால் நடந்தது உண்மை. 1956 சிங்களம் மட்டும் சட்டத்துக்குப் பிறகு அரச வேலையில் எங்கள் ஆட்கள் பட்ட பாடு தெரிந்ததே, 1962 ஆட்சிக் கவிழ்ப்புச் சதி முயற்சிக்குப் பிறகு படைகளில் தமிழர் சேர்வதும் அருகிப்போனது. ஆனால் அது நாட்டின் வரலாறு. அப்பப்பா தன் வாயால் அப்படிச் சொன்னாரா? 22 வருடம் முடித்துப் பென்சனோடு வந்திருக்கிறார், நாற்பத்தொரு வயது, வீட்டில் நாலு பிள்ளைகள். காலம் முடிந்தது, வந்தார் என்பதும் ஒரு காரணம்தான். அவர் சொல்லாத மனக்குறையை நாங்கள் அவர் வாயில் வைக்கக்கூடாது, சொல்லியிருந்தால் யாரிடம் எப்போது சொன்னார் என்று கேட்டு அவருடைய சொல்லிலேயே போடுங்கள். காது மந்தமாக இருந்ததும், மூடிய அறைக்குள் படுக்காமல் விறாந்தையில் படுத்ததும் எஞ்சின் அறையால் வந்தது என்று நீங்கள் ஊகிக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் நேவிக்குப் போகாதவர்களும் விறாந்தையில்தான் படுக்கிறார்கள். விறாந்தையில் படுத்தார் என்று மட்டும் எழுதுங்கள், காரணம் வேண்டாம்.

சித்தப்பாவுக்கு: "கடற்படை அதிகாரி" என்று போடவேண்டாம். என்னுடைய கதை மேலே இருக்கிறது. படம் காட்டுவது லீடிங் பதவியை. அதற்குப் பிறகு பெற்றி ஒபிசர் ஆனாரா இல்லையா என்பதற்குப் பத்திரம் வேண்டும். அதற்குச் சுலபமான வழி பென்சன் கோவை. பென்சன் எடுத்தவர் என்பதால் பிரதேச செயலகத்தில் அவருடைய கோவை இருக்கும், சேர்ந்த திகதி, விலகிய திகதி, கடைசிப் பதவி மூன்றும் அதில் இருந்தாக வேண்டும். வருடா வருடம் உயிரோடு இருக்கிறார் என்று கிராமசேவகரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தது யார்? பெரியப்பாதான் என்று நினைக்கிறேன். அவரிடம் பென்சன் இலக்கம் இருக்கும். அதைக் கேட்கிற சாட்டில் அவரோடு கொஞ்சம் கதைத்த மாதிரியும் இருக்கும். கொழும்பில் கடற்படைத் தலைமையகத்துக்கும் எழுதலாம், ஆனால் பதில் 31ஆம் நாளுக்குள் வரும் என்று நம்பி இருக்காதீர்கள், வந்தால் ஆண்டுத் திவச மலருக்கு உதவும். பதக்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், விளிம்பில் ஏதாவது இலக்கமோ பெயரோ பொறித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணுங்கள், ஸ்ரூடியோ முத்திரை இருந்தால் எந்த ஊரில் எடுத்தது என்று தெரிந்துவிடும்.

எவ்வளவு எழுதுவது என்றால், ஒரு பந்தி. 93 வருடத்தில் 22 வருடம்தான் அது. மிச்சம் எழுபத்தொரு வருடமும் மயிலிட்டிப் பெடியனாக, எஞ்சின் திருத்துகிறவராக, யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு அப்பம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்திச் சாவகச்சேரிக்கு உருட்டிக்கொண்டு போனவராக இருந்திருக்கிறார். அதை நீங்கள் அரை வரியில் எழுதிவிட்டு நேவிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள், தெரியாததைப் பற்றி எழுதும்போது எல்லாருக்கும் கை நீளும். நான் எழுதினால் இப்படி வரும்: "1951ஆம் ஆண்டு தமது பத்தொன்பதாவது வயதில் றோயல் சிலோன் நேவியில் சேர்ந்து, கஜபாகு உள்ளிட்ட கப்பல்களின் எஞ்சின் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கடமையாற்றி, 1973இல் ஓய்வுபெற்று ஊர் திரும்பினார். அங்கு கற்ற தொழிலே பின்னர் மயிலிட்டியின் வள்ளங்களுக்கும், இடம்பெயர்ந்த காலத்தில் அயலாரின் இறைப்பு மெசின்களுக்கும் உதவியது." விஜயவிலும் இருந்தார் என்று பெரியப்பா சொல்வது பத்திரத்தில் உறுதியானால் அதையும் சேர்க்கலாம். "அஞ்சா நெஞ்சன்", "கடலன்னையின் தவப்புதல்வன்" எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன், கோபிக்காதீர்கள். அதற்குப் பதிலாக, துறைமுகம் திறந்த அன்று கூட்டிக்கொண்டு போனபோது அவர் சுற்றிப் பார்த்துவிட்டு "மண் மூடிப்போச்சு, இனி வள்ளம் அணையாது" என்று மட்டும் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அதை அப்படியே போடுங்கள்.

வம்சாவளிப் பக்கத்தை மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். எல்லாரும் முதலில் விரிப்பது அந்தப் பக்கத்தைத்தான், மருமகன் ஒருவரின் பெயர் விடுபட்டால் நேவிச் சண்டையெல்லாம் சின்னனாகிவிடும். இன்றைக்குப் பன்னிரண்டாம் நாள் என்றால் இருபத்தைந்துக்குள் எல்லாம் அச்சகத்துக்குப் போகவேண்டும். திதி வெண்பா நான் எழுதித் தருகிறேன், அதற்கு உயிர் பிரிந்த நாளும் மணியும் வேண்டும். நீங்கள் எழுதியிருப்பது ரொறன்ரோவில் போன் வந்த நேரம் என்று நினைக்கிறேன். அதை வைத்துக் கணித்தால் திதி மாறிப்போகலாம், வருடா வருடம் திவசமும் பிழைத்த நாளில் வரும். ஆஸ்பத்திரித் துண்டில் இருக்கிற யாழ்ப்பாண நேரத்தைப் பெரியப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.